ஃபேனை அணைத்த கை

செத்தவனுக்குப் பஞ்சு என்று பட்டம் கட்டியது அந்த லாண்டரிதான். ஆஸ்பத்திரி பெட்ஷீட்டும் ஓட்டல் துண்டும் மலை மலையாக வந்து இறங்கும் இடம். துணி காயக் காயப் பறக்கும் தூசிப் பஞ்சு எல்லார் தலையிலும்தான் விழும். அவன் மேல் மட்டும் குடியிருக்கும். எடையில்லாத உடம்பு, எதிர்த்துப் பேசாத வாய். திங்கட்கிழமை காலை மூன்றாம் நம்பர் டிரம்முக்குள் அவன் குனிந்து நின்றபோது டிரம் சுற்றியது. வெளியே எடுத்தபோது புருவத்தில் பஞ்சு மட்டும் அப்படியே இருந்ததாம். மற்றது எதுவும் இருந்த இடத்தில் இல்லை.

இன்று புதன். வெடி காலையிலிருந்து ஒரு ஜோக்கும் அடிக்கவில்லை. அவள் ஜோக்கடிக்காவிட்டால் அது செய்தி. அந்த வாய்க்காகத்தான் அவளுக்கு வெடி என்று பெயர் வந்தது. அந்த வாய்க்காகத்தான் துப்பறிவாளர் கொக்கு அவளை உதவிக்கு வைத்திருந்தார். கொக்கு நெட்டை, கூனல். பேசாமல் நின்று கொண்டே இருப்பார். அவர் நிற்கிற அசதியிலேயே பாதிப் பேர் உண்மையைக் கக்கிவிடுவார்கள்.

வாய் அடைத்துப் போனதற்குக் காரணம் லாண்டரி வாசலில் நின்ற போலீஸ் ஜீப்பில் உட்கார்ந்திருந்தது. அவளுடைய கூடப் பிறந்த தம்பி. இந்த லாண்டரியின் எலக்ட்ரீஷியன். பட்டனை அழுத்தி டிரம்மைச் சுற்றவிட்டவன் அவன்தான் என்று மேஸ்திரி வாக்குமூலம் கொடுத்திருந்தார். சாயங்காலம் கோர்ட்டில் நிறுத்திவிடுவார்கள். அப்புறம் அவனை வெளியே எடுப்பது குதிரைக்கொம்பு. வரும்போது அம்மா கதவைப் பிடித்துக்கொண்டு, அவன் இல்லாமல் வீட்டுக்கு வராதே என்று சொல்லி அனுப்பியிருந்தாள்.

போலீஸ் சும்மா பிடிக்கவில்லை. இந்த லாண்டரியில் ஒரு விளையாட்டு இருந்தது. டிரம்முக்குள் சிக்கிய துணி நூலை எடுக்கப் பஞ்சு உள்ளே போவான். மேஸ்திரி டிரம்முக்குப் பின்பக்கம் எட்டிப் பார்த்துக் கண்ணைக் காட்டுவார். எலக்ட்ரீஷியன் பட்டனை ஒரு தட்டுத் தட்டுவான். டிரம் அரைச் சுற்றுச் சுற்றும், பஞ்சு உள்ளே குட்டிக்கரணம் போடுவான், லாண்டரியே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும். இந்த முறை விளையாட்டு வினையாகிவிட்டது, அவ்வளவுதான் கேஸ். தம்பி இந்தக் கூத்தை ஒருநாள் சாப்பிடும்போது வீட்டில் சொல்லியிருந்தான். வெடியும் அன்று புரையேறும்வரை சிரித்திருந்தாள்.

இன்ஸ்பெக்டர் நல்ல மனிதர்தான், பசிக்காதவரை. மதியச் சாப்பாட்டுக்குள் முடித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு நிழலில் நாற்காலியைப் போட்டுக்கொண்டார்.

கொக்கு ஜீப்பில் ஏறித் தம்பிக்கு எதிரே மடங்கி உட்கார்ந்தார். டிரம்மை ஓட்டும் டிரைவ் பெட்டியைப் பற்றிச் சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொல்லச் சொன்னார்.

தம்பி சொன்னான். மெயின் கரண்டுக்கும் மோட்டாருக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கும் பெட்டி அது. டிரம் மெதுவாகச் சுற்றவேண்டுமா, வேகமாகச் சுற்றவேண்டுமா என்று மோட்டாரை ஆட்டிவைப்பது அதுதான். பெட்டிக்கு உயிர்ப்பயம் அதிகம். டிரம்மில் சுமை ஏறிக் கரண்ட் அளவுக்கு மேல் இழுத்தால் நின்றுவிடும். வோல்டேஜ் ஏறினாலும் நிற்கும், இறங்கினாலும் நிற்கும். எங்காவது ஒயர் நசுங்கிக் கரண்ட் தரைக்குக் கசிந்தால் அந்த நொடியே நிற்கும். தன் உடம்பு சூடானாலும் நிற்கும். அப்படி நிற்பதை ட்ரிப் என்பார்கள். ஆள் வந்து ரீசெட் அழுத்தினால்தான் மறுபடி எழுந்திருக்கும்.

"எல்லா ட்ரிப்புக்கும் ஆள் வேணுமா?" என்றார் கொக்கு.

தம்பி அங்கேதான் தயங்கினான். போன வாரம்வரை எல்லாவற்றுக்கும் ஆள் வேண்டியிருந்தது. ஒவ்வொரு தடவையும் எலக்ட்ரீஷியன் வந்து சேர்வதற்குள் வேலை கெடுகிறது என்று முதலாளி குதித்தார். சூட்டினால் நின்றால் மட்டும், ஆறினதும் தானாக ஓடுகிற மாதிரி வைத்துவிடு என்றார். அவன் வைத்துவிட்டான். முதலாளிக்குத் தெரியும். மேஸ்திரிக்குத் தெரியும், தம்பியே அவரிடம் சொன்னான். அன்றைக்கு டார்ச் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்ற பஞ்சுவுக்கும் தெரியும். இதைப் போலீஸிடம் சொன்னபோது முதலாளி அப்படி எதுவும் சொல்லவில்லை என்று கையை விரித்தார். தானாக எழுந்து ஓட அது என்ன பேயா என்று மேஸ்திரி கேட்டாராம். இன்ஸ்பெக்டர் சிரித்தாராம்.

டார்ச் பிடித்தவன் ஏதாவது கேட்டானா என்றார் கொக்கு.

"எவ்வளவு நேரத்துல ஆறும்னு கேட்டான்." தம்பி விலங்கைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "கால் மணி ஆகும், ஃபேன் வச்சா சட்டுனு ஆறிடும்னு சொன்னேன்."

அந்த ஃபேன் கதையும் வந்தது. பெட்டி சூடானால் அது இருக்கும் பேனலின் கதவைத் திறந்துவைத்து, இஸ்திரிப் பக்கத்திலிருந்து பெரிய ஸ்டாண்டு ஃபேனைத் தூக்கி வந்து ஊதவிடுவது இங்கே பழக்கம். திங்கட்கிழமை ட்ரிப் மணி அடித்தது. ஃபேனை வை என்று மேஸ்திரி குரல் கொடுத்தார், தூக்கிக்கொண்டு போய் வைத்தேன், கொஞ்ச நேரத்தில் டிரம் தானாகச் சுற்றியது, நான் ஸ்டாப் பட்டனைத்தான் அழுத்தினேன் என்றான் தம்பி. டிரம்மின் வாய் அந்தப் பக்கம், பேனல் இந்தப் பக்கம். நடுவில் மூன்று டிரம்மின் முதுகுகள். பேனலில் நிற்பவனுக்கு டிரம்முக்குள் போகிறவன் தெரியமாட்டான்.

டிரம் கதவைத் திறந்தாலே மோட்டார் நிற்கவேண்டுமே என்று வெடி கேட்டாள். அந்தக் கதவு ஸ்விட்சை எப்போதோ ஒயர் போட்டுக் கட்டியாகிவிட்டது. மெயின் ஸ்விட்சை ஆஃப் செய்துவிட்டுப் போகலாமே என்றாள். மெயின் பாய்லரைத் தாண்டி மறு கோடியில் இருக்கிறது. யார் நடப்பது? ட்ரிப் ஆனால் டிரம் செத்த மாதிரி என்பதுதான் இங்கே எல்லாருக்கும் வேதம்.

"அந்தப் பெட்டிக்கு இருக்கிற உயிர்ப்பயத்துல கால்வாசி இங்க ஒருத்தனுக்கும் இல்லையே சார்," என்றாள் வெடி. அன்றைய முதல் ஜோக் அது. யாரும் சிரிக்கவில்லை.

உள்ளே போனபோது மேஸ்திரி எதிரில் வந்தார். ஆள் அலமாரி மாதிரி. கழுத்தில் மடிப்புக் கலையாத புத்தம்புதுத் துண்டு. கடைக்காரன் ஒட்டிய காகிதம் ஒரு ஓரத்தில் இன்னும் பாதி ஒட்டிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளை மாதிரி இருக்கிறீர்களே, லாண்டரியில் வேலை பார்ப்பவர் புதுத் துண்டைத் துவைக்காமலே போடலாமா என்று வெடி வாயைக் கொடுத்தாள். மேஸ்திரி துண்டை இழுத்துவிட்டுக்கொண்டார். உன் தம்பிக்கு ஜெயிலில் துண்டு தருவார்கள், கவலைப்படாதே என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

கொக்கு பேனலுக்குப் பின்னால், சுவருக்கும் பெட்டிக்கும் நடுவே இருந்த சந்தில் பக்கவாட்டில் நுழைந்தார். அவரால்தான் முடியும். சுவர், ஒயர், இரும்பு எல்லாவற்றின் மேலும் தூசிப் பஞ்சு பூத்துப் பொசுபொசுவென்று இருந்தது. பெட்டி மூச்சுவிடும் காற்றுச் சல்லடையைச் சுற்றி மட்டும் பஞ்சு தட்டையாக, தோல் போலப் படிந்து கிடந்தது. கொக்கு நகத்தால் ஒரு துண்டை உரித்து வெடியிடம் நீட்டினார்.

அவள் அதை வெளிச்சத்தில் பிடித்தாள். ஈரத் துணியை வைத்து அழுத்திய தடம். குறுக்கும் நெடுக்குமாக நெசவுகூடப் பதிந்திருந்தது. ஒரு ஓரத்தில் சின்னச் சின்ன முடிச்சுகளின் வரிசை.

"துண்டு சார். ஓரத்துல குஞ்சம் முடிச்சுப் போட்ட துண்டு." சொல்லிவிட்டு அவளே சுற்றிப் பார்த்தாள். ஆஸ்பத்திரித் துண்டுக்கும் ஓட்டல் துண்டுக்கும் ஓரம் மடித்துத் தைத்திருக்கும். குஞ்சம் வைத்த துண்டு இங்கே துவைக்க வருவதில்லை. யாரோ கழுத்தில் போட்டுக்கொண்டு வந்தால்தான் உண்டு.

"பெட்டியோட மூக்கைப் பொத்தியிருக்காங்க," என்றார் கொக்கு. "மூக்கைப் பொத்தினா சும்மா உட்கார்ந்திருக்கிறவனுக்கும் வேர்க்கும்."

அவர் பையிலிருந்து மேஸ்திரியின் வாக்குமூல நகலை எடுக்கவில்லை, அதெல்லாம் தலைக்குள்ளேயே வைத்திருப்பார். டிரம் நின்றதைப் பற்றி மேஸ்திரி சொன்னது ஒரே வரி: ஓவர்லோடினால் டிரம் நின்றது. ஓவர்லோடு என்றால் டிரம்மில் சுமை அதிகம் என்று அர்த்தம். நனைந்த பெட்ஷீட் நிரம்பிய டிரம்முக்குள் ஒரு மனிதன் எப்படி நுழைவான்? நுழைந்தான் என்றால் டிரம் காலி. காலி டிரம்முக்கு என்ன சுமை? வெடிக்குப் பொறி தட்டியது. ஓவர்லோடு ட்ரிப்புக்கு ஆள் வந்து ரீசெட் அழுத்தவேண்டும். சூட்டு ட்ரிப்புக்கு ஆள் வேண்டாம். நின்ற காரணத்தை மாற்றிச் சொன்னால், அழுத்திய விரல் ஒன்று தேவைப்படும். அந்த விரலைத் தம்பியின் கையில் ஒட்டிவிட்டார்கள்.

"மெஷினுக்குச் சூடுன்னு சொன்னா தம்பி வெளிய. சுமைன்னு சொன்னா தம்பி உள்ள. ஒரு வார்த்தையில ஆளைத் தூக்கிட்டான் சார் படுபாவி!"

கொக்கு, அவசரப்படாதே என்பதுபோல் கையைக் காட்டினார்.

இஸ்திரி மேஜையில் ஒரு பெண் வேலை செய்துகொண்டிருந்தாள். திங்கட்கிழமை இங்கே நின்றவள். கேட்டதற்குமேல் சொன்னாள். ஒவ்வொரு திங்கட்கிழமை காலையும் முதல் துணி போடுமுன் மூன்று டிரம்மையும் காலியாக ஓட்டுவார்கள். அப்புறம் மேஸ்திரியே உள்ளே போவார். கையில் பழைய நைலான் சாக்ஸை மாட்டிக்கொண்டு உள்சுவரைத் தடவுவார். எங்கே இரும்புப் பிசிறு இருக்கிறதோ அங்கே சாக்ஸ் மாட்டும். ஒரு பிசிறு விட்டால் நூறு பெட்ஷீட் கிழியும் என்று அந்த வேலையை வேறு யாரிடமும் கொடுக்கமாட்டார். திங்கட்கிழமை மூன்றாம் நம்பர் ஓடிக்கொண்டிருந்தபோதே ட்ரிப் ஆனது. மேஸ்திரி சாக்ஸை மாட்டினார். உள்ளே போகுமுன் முகம் துடைக்கத் துண்டைத் தேடினார். ஆணியில் இல்லை. அங்கே இங்கே தேடி அந்தப் பக்கம் போனார், திரும்பி வந்தார். வந்து சாக்ஸைக் கழற்றிப் பஞ்சுவிடம் கொடுத்து, இன்னிக்கு நீ போ என்றார்.

"அவன் ஒண்ணும் சொல்லலையா?"

"அவன் என்னைக்குச் சொன்னான்?" அவள் பெட்ஷீட்டை மடித்தாள். அப்புறம் அந்தச் சத்தத்தைப் பற்றிச் சொன்னாள். வெடி கேட்க விரும்பவில்லை, ஆனாலும் கேட்டாள். ஆள் உள்ளே இருக்கிறது, ஆள் உள்ளே இருக்கிறது என்று இவர்கள் எல்லாரும் அலறினார்களாம். டிரம் நிற்கவில்லையாம். பஞ்சு உள்ளே இருக்கிறான் என்று இவள் பெயர் சொல்லிக் கத்திய பிறகுதான் நின்றதாம். அப்புறம் தம்பிதான் ஓடிவந்து அவனை வெளியே இழுத்தான், இழுக்கும்போது குழந்தை மாதிரி அழுதான் என்றாள். வெடிக்குக் கண் கலங்கியது. தம்பிக்குச் சாதகமாக ஒரு வார்த்தை கிடைத்ததே என்று அந்தக் கடைசி வரியை மட்டும் மனசில் பத்திரப்படுத்திக்கொண்டாள்.

அடுத்தது முதலாளி. அவருடைய ஏசி அறையில் கொக்கு நின்றார், பேசாமல் நின்றார், இன்னும் நின்றார். முதலாளி தானே ஆரம்பித்தார். பஞ்சு செத்த மறுநாளே, பெட்டி விற்ற கம்பெனி ஆளைக் கூப்பிட்டு, டிரைவைப் புதிதாக வந்தபோது இருந்த நிலைக்கு மாற்றிவிட்டாராம். பாதுகாப்புக்காகத்தானாம். தானாக ஓடுகிற ஏற்பாடு அதில் முன்பு இருந்ததா என்று கேட்டால், அழிந்துபோனதைப் பற்றி நான் எப்படிச் சொல்வது என்றார். நாளைக்கு ஆஸ்பத்திரிக்குத் துணி போயாகவேண்டும், மூன்றாம் நம்பரை எப்போது ஓட்டலாம் என்றும் கேட்டார்.

"பெட்டி மூளையைக் கழுவியாச்சு, டிரம்மைக் கழுவியாச்சு, கையையும் கழுவியாச்சு. லாண்டரின்னா இதுதான் சார் லாண்டரி," என்றாள் வெடி.

கொக்கு ஒரே ஒரு கேள்வி கேட்டார். இப்படி மாற்றியதை வேறு யாரிடமாவது சொன்னீர்களா? முதலாளி யாரிடமும் சொல்லவில்லை. வெளியே வந்ததும் கொக்கு முகத்தில் லேசாக ஒரு சந்தோஷம் தெரிந்தது. அந்த முகத்துக்கு அது பொருந்தவே இல்லை.

அவர் இன்ஸ்பெக்டரிடம் போய்க் குனிந்து காதில் பேசினார். இன்ஸ்பெக்டர் கடிகாரத்தைப் பார்த்தார், வயிற்றைத் தடவினார், சரி என்றார்.

மூன்றாம் நம்பரைக் காலியாக ஓட்டினார்கள். கொக்கு ஓட்டல் துண்டு ஒன்றை நனைத்து, சந்துக்குள் போய்ச் சல்லடையில் அழுத்தி வைத்தார். டிரம் சுற்றிச் சுற்றி வந்தது. பேனலுக்குள்ளிருந்து வெந்த வாடை வர ஆரம்பித்தது. மணி அடித்தது. டிரம் ஓய்ந்து நின்றது. பெட்டியின் சின்னக் கண்ணாடியில் சிவப்பு எழுத்து மின்னியது. கொக்கு துண்டை எடுத்து எல்லார் கண்ணிலும் படும்படி தோளில் போட்டுக்கொண்டார். பேனல் கதவை விரியத் திறந்தார். ஃபேனைக் கொண்டுவந்து வைத்து ஓடவிட்டார். தம்பி ஜீப்பில் விலங்கோடு இருந்தான். பேனலுக்குப் பக்கத்தில் ஒரு ஈ காக்கை இல்லை.

மேஸ்திரியைக் கூப்பிட்டு, பஞ்சு உள்ளே எப்படி நின்றான் என்று நின்று காட்டச் சொன்னார் இன்ஸ்பெக்டர். மேஸ்திரி ஒன்றும் மறுக்கவில்லை. தலையை ஆட்டினார், புதுத் துண்டை உதறிக் கழுத்தில் சரியாகப் போட்டுக்கொண்டார், டிரம்மைப் பார்த்து நடந்தார். போகிற வழியில் ஃபேன் இருந்தது. பேச்சுவாக்கில் வீட்டு விளக்கை அணைப்பதுபோல் கையை நீட்டி அதன் ஸ்விட்சை அணைத்துவிட்டு, நடந்துகொண்டே இருந்தார்.

"ஃபேனை ஏன் அணைச்சீங்க மேஸ்திரி?"

மேஸ்திரி நின்றார். சத்தமாக இருக்கிறது, பேசினால் காதில் விழாது என்றார்.

"பாய்லர் அதைவிடச் சத்தம். அதை அணைக்கச் சொல்லலையே." கொக்கு நிதானமாகப் பக்கத்தில் வந்தார். "எலக்ட்ரீஷியன் விரல் பட்டுத்தான் டிரம் சுத்துச்சுன்னு எழுதிக் குடுத்திருக்கீங்க. அந்த விரல் இப்ப ஜீப்புல இருக்கு. அப்புறம் ஏன் பெட்டி ஆறக்கூடாதுன்னு நினைக்கிறீங்க?"

மேஸ்திரியின் கண் கொக்குவின் தோளில் கிடந்த துண்டுக்குப் போய்வந்தது. தொண்டையைச் செருமினார். தானாக ஓடும் என்று பையன் ஏதோ சொன்னானே, எதற்கு வம்பு என்று அணைத்தேன் என்றார்.

"அவன் சொன்னதைப் பேய்க்கதைன்னு சொன்னது நீங்கதான். போகட்டும். இந்தப் பெட்டி இப்ப தானா ஓடாது. முதலாளி மறுநாளே அதை அழிச்சுட்டார். உங்ககிட்ட சொல்லலை போல."

மேஸ்திரி திரும்பி முதலாளியின் ஏசி அறைக் கண்ணாடியைப் பார்த்தார். உள்ளே முதலாளி சட்டென்று டெலிபோனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார். கொக்கு விடவில்லை. துண்டு சல்லடையில் இருக்கும்வரை பெட்டி ஆறாது. ஆறாவிட்டால் டிரம் ஓடாது. யாரோ துண்டை எடுத்திருக்கவேண்டும். பஞ்சு டிரம்முக்குள் இருந்தான், அவன் எடுத்திருக்க முடியாது. அந்தப் பக்கம் போய்விட்டு வந்தது, துண்டைத் தேடிய ஒருத்தர்தான். உங்கள் பழைய துண்டு எங்கே மேஸ்திரி என்று கேட்டார்.

பாய்லரில் போட்டேன் என்று மேஸ்திரி சொன்னபோது அவர் குரலில் பயமே இல்லை. அலுத்துப்போன ஆள் மாதிரி ஒரு துணி மூட்டையின் மேல் உட்கார்ந்தார்.

"வச்சவன் அவன்யா. பஞ்சுதான். எனக்காக வச்சது."

இன்ஸ்பெக்டர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். மேஸ்திரி அவருக்கு ஒரு கதைபோலச் சொன்னார். துண்டைத் தேடிப் போனவர் அதைச் சல்லடையில் பார்த்தார். அவருடைய துண்டேதான். அவசரத்தில் கைக்கு எட்டியதை எடுத்து நனைத்து வைத்திருக்கிறான் மடையன். பார்த்ததும் எல்லாம் புரிந்தது. நான் உள்ளே போனதும் துண்டை எடுத்துவிடுவான், பெட்டி ஆறும், டிரம் சுற்றும். இவ்வளவு காலம் வாயைத் திறக்காத பயல் இவ்வளவு யோசித்திருக்கிறான். அவர் சந்துக்குள் கையை மட்டும் நீட்டித் துண்டை இழுத்து, சட்டைக்குள் சுருட்டி வைத்துக்கொண்டு திரும்பி வந்தார். சாக்ஸைக் கொடுத்தார். துண்டு இன்னும் சல்லடையில்தான் இருக்கிறது, பெட்டி ஆறவே ஆறாது என்ற தைரியத்தில் அவன் உள்ளே போனான்.

"மெயினை ஆஃப் பண்ணிட்டுப் போறேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா விட்டிருப்பேன். சொல்லுவான்னு பார்த்தேன். சொன்னா குட்டு வெளிப்பட்டுடும்னு போயிட்டான்." மேஸ்திரி புதுத் துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார். "அப்புறம் வாசல்ல நின்னு, என் துண்டை எடுத்துத் தோள்ல போட்டுக் காட்டினேன். நிமிர்ந்து பார்த்தான். பார்த்தவன் வெளிய வர காலைத் தூக்கினான். டிரம் சுத்திருச்சு."

இஸ்திரி மேஜையில் அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். வெடிக்கு அந்தப் பஞ்சு படிந்த புருவம் நிமிர்வது கண்ணில் தெரிந்தது. அரைச் சுற்றுக்கு லாண்டரியே சிரித்தது. முழுச் சுற்றுக்குச் சிரிக்க ஆள் இல்லை.

இன்ஸ்பெக்டர் ஒரு விலங்கை அவிழ்த்து இன்னொரு கையில் மாட்டச் சொல்லி ஆளை அனுப்பினார். போகிற போக்கில், ஃபேனையும் போடச் சொன்னது நீதானே என்று மேஸ்திரியைக் கேட்டார். எல்லாவற்றையும் ஒப்புக்கொண்ட மனிதர் அதற்கு மட்டும் முகத்தைச் சுளித்தார்.

"ஃபேனா? நான் ஏன் சொல்றேன்? தானா ஆறட்டும், அதுவரைக்கும் அவன் உள்ள தடவிக்கிட்டு இருக்கட்டும்னுதான் இருந்தேன். அது அந்தப் பையன் அவனா தூக்கிட்டு வந்து வச்சது. அதனாலதான் அவ்வளவு சீக்கிரம் சுத்திருச்சு."

இன்ஸ்பெக்டருக்கு அது காதில் ஏறவில்லை. அவருக்குப் பசி. வெடிக்கு ஏறியது. கொக்குவைப் பார்த்தாள். அவர் ஃபேனைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

வாசலில் பஞ்சுவின் மனைவி உட்கார்ந்திருந்தாள். அவனுடைய சட்டையையும் செருப்பையும் வாங்கிப் போக வந்தவள். மேஸ்திரியை ஜீப்பில் ஏற்றுவதைப் பார்த்ததும் எழுந்து வந்து, இவன்தானா, என் வீட்டுக்காரர் என்ன பாவம் செய்தார் என்று கேட்டாள். தம்பி அவளைக் கண்டதும் தலையைக் குனிந்துகொண்டான்.

நடந்ததெல்லாம் அவனுக்குச் சொல்லியாகிவிட்டது. விலங்கு இருந்த மணிக்கட்டைத் தடவிக்கொண்டே, வீட்டுக்குப் போகலாமா அக்கா என்றான். கொக்கு வெடியின் பக்கம் குனிந்தார்.

"கேட்கிறதா இருந்தா யோசிச்சுக் கேளு. பதில் வந்துட்டா திருப்பிக் குடுக்க முடியாது."

சொல்லிவிட்டு அவர் நெட்டைக் கால்களை எட்டிப் போட்டுத் தெருவில் இறங்கிவிட்டார். வெடி அங்கேயே நின்றாள். அந்த இஸ்திரிக்காரப் பெண் சொன்னதில் தான் வசதியாக விட்டுவிட்ட வரி இப்போதுதான் திரும்பி வந்தது. ஆள் உள்ளே இருக்கிறது என்று அலறியபோது நிற்கவில்லை. பஞ்சு உள்ளே இருக்கிறான் என்று கத்தியபோதுதான் நின்றது. ஸ்டாப் பட்டன் யார் கைக்கடியில் இருந்தது என்று யாரும் அவளுக்குச் சொல்லத் தேவையில்லை. அம்மா வாசலில் நின்றுகொண்டிருப்பாள். கேட்காமலே கூட்டிப் போய்விடலாம். கேட்டுவிட்டாள்.

"ஃபேனை யாருக்காகடா வச்சே?"

தம்பி அவள் பக்கம் திரும்பவில்லை. செருப்பை மார்போடு அணைத்துக்கொண்டு போகும் அந்தப் பெண்ணையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"திங்கக்கிழமை உள்ள போறது எப்பவும் மேஸ்திரிதானேக்கா."